குரங்கு மேல் ஏன் பழி?

தலைப்பைப் பார்த்து அரசியல் பதிவு என்று ஆசையாக வந்தவர்கள் மன்னிக்கவும். இது நிஜக் குரங்கு சமாச்சாரம். கூடவே மாடு, உண்ணி, கொஞ்சம் பாக்குத் தோட்டக் கடன். நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டி எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் பேங்க்காரனை எந்த ஊரில் கொண்டு போய்ப் போடுகிறார்களோ, அந்த ஊர் வியாதியும் வெள்ளாமையும் தானாகவே தெரிந்துவிடுகிறது.

இப்போது இருப்பது கர்நாடகாவில் ஷிவமொக்கா மாவட்டம் (நமக்கு இன்னும் ஷிமோகாதான்), சாகர் தாலுகா. ஜோக் அருவி இங்கேதான். "மங்கன காயிலெ" என்றால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மங்க என்றால் குரங்கு, காயிலெ என்றால் நோய். டாக்டர்கள் வைத்த பெயர் க்யாசனூர் காட்டு நோய். 1957-ல் பக்கத்து சொரபா தாலுகாவில், க்யாசனூர் காட்டில் குரங்குகள் வரிசையாகச் செத்து விழுந்தன. சுற்றுக் கிராமத்து ஜனங்களுக்கும் கடுமையான காய்ச்சல். புனேயிலிருந்து வைரஸ் ஆராய்ச்சி மையத்தார் வந்தார்கள். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் வந்துவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகம். கிடைத்ததோ அதுவரை யாரும் பார்க்காத வைரஸ். ரஷ்யப் பக்கம் உண்ணியால் வரும் மூளைக்காய்ச்சல் வைரஸுக்குச் சொந்தக்காரன்.

உண்ணிக்குக் கன்னடத்தில் "உண்ணெ". நம்ம வார்த்தைதான்! உண்பது உண்ணி. இரத்தம் உண்பதுதான் அதன் முழு நேர உத்தியோகம்.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஊரிலிருந்து அம்மா போனில், "ஏண்டா, பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போட்டிருக்கான், உங்க ஊர் வியாதிதானே அது?" என்று கேட்டாள். இல்லை. நம்ம பக்கம் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுவது ஸ்க்ரப் டைஃபஸ். அதைப் பரப்புவது உண்ணியைவிடப் பொடிசான வேறொரு பூச்சி. கிருமியும் பாக்டீரியா வகை, டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் கேட்கும். மங்கன காயிலெ வைரஸ். அதற்கென்று தனி மருந்து கிடையாது. காய்ச்சலையும் இரத்தக் கசிவையும் கவனித்து, உடம்பில் நீர் குறையாமல் பார்த்துக்கொண்டு, தாண்டி வர வேண்டியதுதான்.

இந்த உண்ணி வாழ்நாளில் மூன்றே தவணையில் இரத்தம் குடிக்கிறது. குஞ்சாக ஒன்று, இளசாக ஒன்று, முதிர்ந்த பிறகு ஒன்று. முதல் இரண்டு தவணையும் காட்டு எலி, பறவை, குரங்கு என்று கிடைத்ததன் மேல். கடுகளவு இருக்கும் இளசுதான் மனிதனைக் கடிப்பது. அது நடமாடும் காலம் டிசம்பரிலிருந்து மே வரை, அதாவது சருகு காய்ந்து கிடக்கும் மாதங்கள். மூன்றாவது தவணைதான் பெரிய தொகை. அதை மழைக்காலத்தில் கொடுப்பது பெரும்பாலும் மேய்ச்சலுக்குப் போகும் நம்ம மாடு! மாட்டுக்கு இந்த நோய் வருவதில்லை. ஆனால் அதன் இரத்தத்தில் ஊதிப்போன பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. காட்டை வெட்டிக் குடியேறி, அந்தக் காட்டிலேயே மாட்டையும் மேய்த்ததால்தான் உண்ணி பெருகியது என்று ஹோர்கே போஷெல் என்ற விஞ்ஞானி 1969-லேயே எழுதி வைத்தார்.

குரங்கு பாவம், நம்மைப் போலவே கடிபட்டுச் சாகிறது. செத்த குரங்கிலிருந்து உண்ணிகள் இறங்கி அந்த இடத்தில் பரவிக் கிடக்கும். அதனால்தான் குரங்கு செத்தால் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொல்லச் சொல்கிறார்கள். ஊருக்கு முன்கூட்டியே மணி அடித்துவிட்டுப் போகும் பிராணி அது. நாமோ வியாதிக்கே அதன் பெயரை வைத்துவிட்டோம்.

இனி பேங்க் கதை. இந்தப் பக்கத்துப் பாக்குத் தோட்டத்துக்கு உரம் காட்டிலிருந்துதான் தொடங்குகிறது. சருகைக் கூட்டி அள்ளி வந்து மாட்டுக் கொட்டிலில் பரப்புவார்கள். சாணியும் மூத்திரமும் சேர்ந்து மட்கி எருவாகும். கூட்டுகிற வேலை பெரும்பாலும் கூலிப் பெண்களுக்கு, அதுவும் சரியாக உண்ணி மாதங்களில். பயிர்க் கடன் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போன ஒரு தோட்டத்தில் அப்படி ஒரு அம்மாவைப் பார்த்தேன். முந்தின வருஷம் காய்ச்சல் வந்து பதினைந்து நாள் படுக்கை. எழுந்த பிறகும் ஒரு மாசம் கூடை தூக்க முடியவில்லையாம். "காட்டுக்குப் போகாதேங்கறாங்க சார். போகலைன்னா கூலி யார் கொடுப்பா?" என்றார். எங்கள் அப்ரைசல் ஃபாரத்தில் உரச் செலவுக்குக் கட்டம் உண்டு, கூலிக்குக் கட்டம் உண்டு. இந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.

வருகிறவர்களில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பேர் வரை இறந்து போகிறார்கள். 2018 டிசம்பரில் ஆரம்பித்து இந்தத் தாலுகாவின் அரலகோடு பக்கம் பல உயிர்கள் போயின. முன்பு ஒரு தடுப்பூசி போட்டு வந்தார்கள். வீரியம் போதவில்லை என்று 2022-ல் நிறுத்திவிட்டார்கள். புதியதற்கு வேலை நடக்கிறது. இப்போதைக்குக் கையில் இருப்பது உடம்பில் பூசிக்கொள்ளும் உண்ணி விரட்டி எண்ணெயும், முழுக்கை சட்டையும், வீட்டுக்கு வந்ததும் வெந்நீர்க் குளியலும்தான். வியாதியும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2012-லிருந்து பந்திப்பூர், வயநாடு, கோவா, சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகத் தலைகாட்டியிருக்கிறது.

பெங்களூரிலும் புனேயிலும் இருந்துகொண்டு லீவுக்கு ஜோக் வரும் நம்ம ஜனங்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலத்தில் வாருங்கள், அருவிக்கும் அழகு, உண்ணி பயமும் குறைவு. கோடையில் வந்தால் காட்டுச் சருகு மேல் ஜமக்காளம் விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் நகத்தால் நசுக்காமல், தீக்குச்சி வைக்காமல், சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துவிடுங்கள். செத்த குரங்கின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

முக்கியமானது இது. ஊர் திரும்பி ஒரு வாரம், பத்து நாளில் திடீரென்று கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு முறித்துப் போடும் வலி வந்தால், டாக்டர் முதலில் டெங்குவைத்தான் நினைப்பார். அவர் கேட்காவிட்டாலும் "மலைநாட்டுக் காட்டுக்குப் போய் வந்தோம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.