நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருக்கணுமா? ஒரு கன்னி ஆடும் இரட்டைக் குட்டிகளும்!

கறுத்த உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலி பக்கம் மேயும் இந்த ஆட்டுக்குப் 'பால் கன்னி' என்று பெயர். கோடு செம்பழுப்பாக இருந்தால் 'செங்கன்னி'. மழை ஏமாற்றும் வருஷத்தில் பள்ளிக்கூட ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கைகொடுப்பது இந்த ஆடுகள்தான். இரட்டைக் குட்டி போடுவது கன்னி ஆட்டுக்குச் சகஜம். இரண்டையும் பிழைக்க வைப்பதுதான் கஷ்டம்.

கோவில்பட்டி அருகே ஒரு கிராமத்தில் இருக்கும் அந்த 26 வயதுப் பெண், கல்யாணமாகி வந்த பிறகுதான் ஆடு வளர்க்கப் பழகினார். கற்றுக்கொடுத்தவர் மாமியார். போன ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளில் சின்னது மறுநாளே செத்துப்போனது. "பொறக்கும்போதே நோஞ்சான் தாயி" என்றார் மாமியார். மருமகளுக்கு மனசு ஆறவில்லை. தடுப்பூசி முகாமுக்கு வந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டார். அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்விதான்.

"சீம்பால் எப்பம்மா குடுத்தீங்க?"

"நஞ்சு விழுந்த பிறகுதான் சார்."

பல வீடுகளில் இதுதான் வழக்கம். ஆனால், நஞ்சுக்கொடி விழச் சில மணி நேரம் ஆகலாம். குட்டியால் அதுவரை தாங்க முடியாது. தாய் வயிற்றில் இருக்கும்போது ஆட்டுக்குட்டிக்கு நோய் எதிர்ப்பு சக்தி வந்து சேர்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். அதை உறிஞ்சிக்கொள்ளும் திறனும் நேரம் ஆக ஆகக் குறைந்து, ஒரு நாளில் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும். குட்டி காம்பை முட்டிக் குடிப்பது, நஞ்சு விழவும் உதவும்.

அடுத்த சினைக்கு அவர் நாள் எண்ணத் தொடங்கினார். சினைக்காலம் சுமார் 150 நாள். கடைசி மாதத்தில் தவிடும் பிண்ணாக்கும் கொஞ்சம் கூட்டினார். துள்ளுமாரி தடுப்பூசி போட்டார். கொட்டகையின் ஒரு மூலையைக் கூட்டி, ஈரமில்லாமல் வைக்கோல் பரப்பினார். பழைய துணி, சுத்தமான நூல், புது பிளேடு, டிங்சர் அயோடின், டார்ச் எல்லாம் ஒரு வாளியில் தயார்.

மாமியார் கண் ஆபரேஷனுக்காக மதுரை போயிருந்த நேரம் பார்த்து, ஆட்டுக்கு மடி கனத்தது. வாலுக்கு இரண்டு பக்கமும் குழி விழுந்தது. மற்ற ஆடுகளை விட்டு ஒதுங்கி, காலால் தரையைச் சீய்த்தது. அன்று ராத்திரி பனிக்குடம் உடைந்து, முன்னங்கால் இரண்டும் மூக்கும் தெரிந்தன. குட்டி சரியாகத்தான் வருகிறது என்பதற்கு அடையாளம் அது. முதல் குட்டி தானாக எழுந்து காம்பைத் தேடியது. இரண்டாவது எழவே இல்லை.

மூக்கையும் வாயையும் துடைத்தார். தாயை நக்கவிட்டு, துணியால் தேய்த்துச் சூடேற்றினார். இரண்டு விரற்கடை விட்டுத் தொப்புள்கொடியைக் கட்டி வெட்டி, டிங்சர் அயோடினில் நனைத்தார். அப்போது போன் வந்தது.

"நஞ்சு விழுந்திருச்சா தாயி?"

"இன்னும் இல்ல அத்தை."

"அப்ப பால்ல விட்ராத."

அதுவரை மாமியாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவர் அவர். "இல்ல அத்தை, இப்பக் குடுக்கலேன்னா இதுவும் போயிரும். நான் குடுக்கப்போறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

உடம்பு சூடாகி, வாயில் வைத்த விரலைக் குட்டி சப்பிய பிறகுதான், கறந்த சீம்பாலைப் புட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். சப்பத் தெம்பில்லாத குட்டிக்குப் பாலை ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். 2 கிலோ குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லியாவது தேவை. அதைப் பல தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

நஞ்சு விழ விடிந்துவிட்டது. அவர் அதை இழுக்கவில்லை. 12 மணி நேரம் தாண்டியும் விழாவிட்டாலோ, அரை மணி நேரத்துக்கு மேல் ஆடு முக்கியும் குட்டி வராவிட்டாலோ, தாமதிக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் பேசலாம்.

ஊர் திரும்பிய மாமியார், கறுப்புக் கண்ணாடியோடு கொட்டகை வாசலில் நின்று துள்ளும் இரண்டு குட்டிகளையும் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டபோது, "நஞ்சு அது பாட்டுக்கு விழும், மொதல்ல சீம்பாலக் குடுங்க!" என்று சத்தம் போட்டவர் அவர்தான்.