வராத காரின் படங்கள்

பத்திரிகைத் தொழிலில் ஊறியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. செய்தியைக் கையில் எடுத்ததும் அதன் வினைச்சொல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். அமைச்சர் 'அறிவித்தார்' என்பதும், 'அறிவிக்கவுள்ளார்' என்பதும், 'அறிவிக்கக்கூடும் எனத் தெரியவருகிறது' என்பதும் ஆசிரியபீடத்தில் மூன்று வேறு சரக்குகள். முதலாவது முதற்பக்கத்துக்குப் போகும். இரண்டாவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பாவது தேவை. மூன்றாவதைக் கொண்டுவரும் இளம் நிருபரிடம், "ஆருக்குத் தெரியவருகுது, தம்பி?" என்று செய்தியாசிரியர் கேட்பார். மலிவு விலை மின்சாரக் கார் பற்றி ஐந்தாறு ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் என் காதில் ஒலிக்கிறது.

நான் கார்ப் பிரியன் அல்லன். உத்தியோக காலம் முழுவதையும் பஸ்ஸிலும் ரயிலிலும் கழித்தவன். ஆயினும் இந்த விடயத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியதாயிற்று. காரணம், ரொறன்ரோவில் வாழும் என் பெறாமகன். அண்ணரின் இளைய மகன் அவன். ஸ்காபரோவில் குடியிருப்பு, மிசிசாகாவில் இரவு வேலை. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தினமும் ஓட வேண்டும். அவனுடைய பழைய பெற்றோல் கார், ஒவ்வொரு பனிக்காலத்திலும் ஏதாவது ஒரு பகுதியைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வசந்தத்தைக் காணும். புதிய கார் வாங்கேன் என்றால், "மலிவான மின்சாரக் கார் வரப்போகுது, சித்தப்பா. எந்தக் கம்பனி முதலில் விட்டாலும் சரி. இன்னும் ஒரு வருஷம் பொறுத்தால் போதும்" என்பான். 2020இலும் அதைச் சொன்னான். 2023இலும் அதையே சொன்னான்.

சொல்வதோடு நில்லாமல் வாட்ஸ்அப்பில் படங்களும் அனுப்புவான். பளபளக்கும் சிவப்பில், நீலத்தில், மழை நனைத்த வீதியில் நிற்கும் அழகிய சிறிய கார்கள். அவற்றுள் ஒன்றுகூடப் புகைப்படம் அன்று. எங்கோ ஓர் ஓவியர் கணினியில் ஏற்கெனவே உள்ள ஒரு காரைக் குறுக்கி, வாலைத் துண்டித்து, விளக்குகளை ஒடுக்கி வரைந்தவை. அதிகமான படங்கள் டெஸ்லா நிறுவனத்தின் பெயரில் உலாவின. 'மொடல் 2' என்று அதற்கொரு பெயரையும் சூட்டியிருந்தார்கள். அந்தப் பெயரில் எந்தக் காரையும் டெஸ்லா இன்றுவரை விற்றதில்லை. படத்தின் கீழே எழுதப்பட்டவற்றிலோ, 'தெரிகிறது', 'நம்பப்படுகிறது', 'எதிர்பார்க்கப்படுகிறது' என்ற வினைகளே நிறைந்திருந்தன.

ஆனாலும் இப்படங்களை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இல்லாத காரைப் பற்றி அவை எதையும் சொல்லாவிட்டாலும், காத்திருப்பவர்களைப் பற்றி நிறையச் சொல்கின்றன. பின்கதவு மேல்நோக்கித் திறக்க வேண்டும். குழந்தைத் தள்ளுவண்டியும் ஒரு மூடை அரிசியும் ஒன்றாகக் கிடக்க வேண்டும். பின் இருக்கையில் மூவர் முழங்கால் இடிக்காமல் அமர வேண்டும். குளிரில் பற்றரியின் ஓட்டத்தூரம் குறையும் என்பதை அறிந்தவர்கள், குறைந்த பின்னும் வேலைக்குப் போய்வரப் போதுமான தூரம் மிஞ்ச வேண்டும் என்கிறார்கள். இந்த விருப்பங்களை எல்லாம் திரட்டினால் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் வாழ்க்கை தெரிகிறது. ஓவியர்கள் வரைந்தது அதைத்தான்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 2016 மார்ச் 31ஆம் திகதி கலிபோர்னியாவின் ஹோதோர்ன் நகரில் டெஸ்லா தனது மொடல் 3 காரை மேடையேற்றியது. விலை 35,000 டொலர், ஒரு மின்னேற்றத்தில் 215 மைல் என்றார்கள். திரை விலகுவதற்கு முன்பே, காரின் முகத்தைக்கூடக் காணாதவர்கள் பல நாடுகளில் கடைவாசல்களில் வரிசையாக நின்று ஆளுக்கு 1,000 டொலர் முற்பணம் கட்டினார்கள். முதல் 24 மணித்தியாலத்தில் 1,80,000க்கு மேல், ஒரு வாரத்தில் 3,25,000க்கு மேல் பதிவுகள். நிவாரணக் கடைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று பழகிய நமக்கு, பார்க்காத பொருளுக்காக வசதி படைத்த நாட்டவர் நின்ற வரிசை வியப்பாகத்தான் இருந்தது.

அடுத்த ஓராண்டும் ஊகங்களின் காலம். மேடையில் நின்ற வண்டியில் ஸ்டியரிங்கின் பின்னால் வேகமானி இருக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய திரை மட்டுமே இருந்தது. அப்படியே விற்கமாட்டார்கள், வேகம் முன்கண்ணாடியில் ஒளியெழுத்தாகத் தெரியும் என்று பலர் அடித்துச் சொன்னார்கள். பின்கதவு முழுவதுமாக மேலே திறக்கும்படி மாற்றுவார்கள் என்று சிலர் நம்பினார்கள். 2017 ஜூலை 28ஆம் திகதி முதல் 30 கார்கள் கையளிக்கப்பட்டபோது, கண்ணாடியில் எழுத்தும் இல்லை, பின்கதவில் மாற்றமும் இல்லை. நடுத்திரை நடுத்திரையாகவே இருந்தது. தொடக்கத்தில் விற்பனைக்கு வந்த வகையின் விலை 49,000 டொலர்.

வாக்களிக்கப்பட்ட 35,000 டொலர் வகை 2019 பெப்ரவரி இறுதியிற்றான் வந்தது. அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. அமெரிக்க மத்திய அரசு மின்சாரக் கார் வாங்குவோருக்கு அளித்த 7,500 டொலர் வரிச்சலுகை, ஒரு நிறுவனம் இரண்டு இலட்சம் வண்டிகளை விற்றபின் படிப்படியாகக் குறையும் என்பது அன்றைய விதி. டெஸ்லா அந்த எல்லையைக் கடந்ததால் 2019 ஜனவரி முதலாம் திகதி சலுகை பாதியாயிற்று. விலையுயர்ந்த வகையை முதலில் வாங்க முடிந்தவர்களுக்கு முழுச் சலுகை. மலிவு வகைக்காகக் காத்திருந்தவர்களுக்குப் பாதி. எவரும் திட்டமிட்டுச் செய்த அநீதி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் காத்திருப்பின் செலவை யார் தலையில் சுமத்துகிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு 2020 செப்டெம்பரில் 25,000 டொலர்க் காரின் கதை தொடங்கியது. ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் அது சாத்தியமாகும் என்றார் இலோன் மஸ்க். 2022 ஜனவரியில், இப்போதைக்கு அந்தக் காரில் வேலை செய்யவில்லை என்றார். 2023 மார்ச்சில் அடுத்த தலைமுறை வண்டிகளின் உற்பத்திச் செலவைப் பாதியாக்கும் புதிய முறை விளக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் திட்டம் கைவிடப்பட்டதாக ரொய்ட்டர்ஸ் செய்தி வெளியிட, மஸ்க் அதை மறுத்தார். அதே ஆண்டு அக்டோபர் 10ஆம் திகதி மேடைக்கு வந்தது, ஸ்டியரிங்கும் இல்லாத, மிதிகளும் இல்லாத, இருவர் மட்டும் அமரும் தானோட்ட வண்டி. சில நாள் கழித்து, மனிதர் ஓட்டும் சாதாரண 25,000 டொலர்க் காரில் அர்த்தமில்லை என்ற கருத்தையும் அவர் கூறிவிட்டார். மூவர் பின்னால் அமர வேண்டும் என்று படம் வரைந்தவர்களுக்குக் கிடைத்த விடை அது.

2025 அக்டோபர் 7ஆம் திகதி 'ஸ்டாண்டர்ட்' என்ற பெயரில் இரண்டு குறைந்த விலை வகைகள் வந்தன. மொடல் 3 இன் விலை 36,990 டொலர். மொடல் வை 39,990 டொலர். இவை புதிய கார்கள் அல்ல. பழைய கார்களிலிருந்து சிலவற்றைக் கழித்தவை. பின்னிருக்கைத் திரை போயிற்று. மொடல் வை காரின் கண்ணாடிக் கூரையை உட்புறமாகத் துணியால் மூடிவிட்டார்கள். வானொலியையும் நீக்கிவிட்டார்கள். இதற்கு ஒரு வாரம் முன்னர், செப்டெம்பர் 30ஆம் திகதியுடன், அமெரிக்காவில் 7,500 டொலர் வரிச்சலுகை முற்றாக நிறுத்தப்பட்டிருந்தது.

வானொலி இல்லாத கார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். ஒரு பொருளிலிருந்து எதைக் கழித்தால் மனிதர் தாங்கிக்கொள்வார்கள் என்பதை அறிய நம்மவரைக் கேட்டிருக்கலாம்.

அண்ணரிடம் அக்காலத்தில் ஒரு மொறிஸ் மைனர் நின்றது. பெற்றோல் கிடையாது. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார். புகை கண்ணைக் கரிக்கும். சிறுவனாக அந்தக் காரின் பின்னிருக்கையில் அமர்ந்தவன்தான் இன்று ரொறன்ரோவில் இருப்பவன். அந்தக் காரை எங்கள் ஊர் மெக்கானிக் ஒரு சாவியும் ஒரு குறடும் கொண்டு திறந்து பூட்டினார். எந்தப் பாகம் எதைச் செய்கிறது என்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். புதிய மின்சாரக் காரில் அசையும் பாகங்கள் குறைவு; எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லை. ஆயினும், பழுதானால் யார் திறப்பது, பற்றரி கெட்டால் என்ன செலவாகும் என்று வாங்குவோர் கேட்பது நியாயமான கேள்வி. அழகிய படங்களை வரைந்தவர்கள் இந்தக் கேள்வியை வரையவில்லை.

மலிவு என்ற சொல்லுக்குள் இன்னொரு முள் உண்டு. 2008 ஜனவரியில் ரத்தன் டாடா ஒரு இலட்சம் இந்திய ரூபாய்க்கு நானோ காரை அறிமுகப்படுத்தினார். மோட்டார் சைக்கிளில் நனைந்து செல்லும் குடும்பத்துக்கான கார் என்பது அவரது எண்ணம். உயர்ந்த எண்ணமே. ஆனால் 'உலகின் மிக மலிவான கார்' என்ற பட்டமே அதற்குக் கேடாயிற்று என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 2018 அளவில் உற்பத்தி நின்றுபோயிற்று. குறைந்த விலையில் வாங்க விரும்பும் மனிதர், குறைந்தவராகப் பார்க்கப்பட விரும்புவதில்லை. கார் வாசலில் நிற்கும் பொருள். அயலவர் கண்ணில் படும் பொருள்.

மலிவு மின்சாரக் கார் செய்யவே முடியாதது என்று எண்ணிவிடக் கூடாது. சீனாவின் பிவைடி நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிமுகப்படுத்திய சீகல் என்ற சிறிய காரின் ஆரம்ப விலை 73,800 யுவான். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 11,000 அமெரிக்க டொலர் கொண்ட தொகை. நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாத இரும்பு-பொஸ்பேற்று பற்றரியும், அதைத் தன் கையாலேயே செய்துகொள்ளும் திறனும் அந்த விலைக்கு முக்கிய காரணங்கள். கனடாவோ 2024 அக்டோபரில் சீன மின்சாரக் கார்களுக்கு 100 வீத மேலதிக வரி விதித்தது. 2026 ஜனவரியிற்றான் சீனாவுடன் செய்த உடன்பாட்டின் மூலம் ஆண்டுக்கு 49,000 வண்டிகள்வரை 6.1 வீத வரியுடன் அனுமதிக்க இணங்கியது. ஆக, காரின் விலையைப் பொறியியலாளர் மட்டும் தீர்மானிப்பதில்லை. 2020 முதல் 2025 வரை தனியார் வாகன இறக்குமதிக்கு அரசு பூட்டுப் போட்டிருந்த இலங்கையில் வாழும் எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

என் பெறாமகன் கணக்கில் கெட்டிக்காரன். சென்ற ஆண்டு ஒருநாள், காத்திருந்த ஐந்து ஆண்டுகளில் பழைய காரின் திருத்தத்துக்கும் பெற்றோலுக்கும் கொடுத்ததைக் கூட்டிப் பார்த்தான். தொகையை என்னிடம் சொல்லவில்லை. "பாதிக் கார் புகையாய்ப் போயிட்டுது, சித்தப்பா" என்று மட்டும் சொன்னான். அடுத்த மாதமே, மூன்று ஆண்டுகள் ஓடிய சிறிய மின்சாரக் காரொன்றை வாங்கிவிட்டான். நிறம் அவன் விரும்பியதன்று. பின்கதவு மட்டும் மேல்நோக்கித் திறக்கிறது. கடும் குளிரில் ஓட்டத்தூரம் கணிசமாகக் குறைகிறதாம். வேலையிடத்தில் மின்னேற்ற வசதி இருப்பதால் சமாளிக்கிறானாம்.

படங்கள் வருவது இன்னமும் நிற்கவில்லை. போன வாரமும் ஒன்று வந்தது. வெள்ளை நிறம், ஒடுங்கிய விளக்குகள். கீழே, 'விரைவில் அறிமுகமாகும் என எதிர்பார்க்கப்படுகிறது' என்றிருந்தது. எதிர்பார்ப்பவர் யார் என்று கேட்டு எழுதினேன். "நான்தான்" என்று பதில் போட்டிருந்தான்.