தியலும உச்சியில் கமராவுடன் ஒரு பகல்

இலங்கையின் இரண்டாவது உயரமான அருவி தியலும. உயரம் 220 மீற்றர். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாய போகும் வீதியில் இறங்கி, அண்ணாந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பவர்களே அதிகம். ஆனால் நிலக்காட்சிப் படம் எடுப்பவர்கள் தேடி வருவது அருவியின் தலைமாட்டை.

பண்டாரவளையிலிருந்து பூனாகலைப் பக்கமாக வந்தால் நடை குறைவு. கீழே வீதியிலிருந்து ஏறினால் மூச்சு வாங்கும். எப்படி வந்தாலும் கடைசியில் மானாப்புல் வெளிதான். அதைத் தாண்டினால் பூனாகலை ஓயா பாறையைக் குடைந்து உண்டாக்கிய குளங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. கடைசிக் குளத்துக்கு அப்பால் மலை இல்லை; கீழே வெல்லவாயச் சமவெளி விரிந்து கிடக்கும்.

இங்கே காலை வெளிச்சம்தான் படம். வெயில் ஏறிவிட்டால் பாறை வெளிறி, தூரத்து வயலும் காடும் புகைமூட்டத்தில் கரைந்துவிடும். போலரைசர் வடிகட்டியை லென்சில் மாட்டி மெல்லத் திருகினால், நீர்மேல் மினுங்கும் வானம் விலகி அடியிலுள்ள கூழாங்கற்கள் தெரியத் தொடங்கும். இன்னும் திருகினால் வானத்தின் நிழல் அடியோடு போய்விடும். எது வேண்டும் என்பதைக் குளத்தடியில் நிற்பவரே முடிவுசெய்ய வேண்டும். ஒரு வினாடி ஷட்டரைத் திறந்துவைத்தால் வழியும் நீர் பட்டாகும். அதற்கு முக்காலி அசையாமல் நிற்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓயா பெருகும், அருவியும் அகலும்.

அதே மழைதான் மலையையும் இளக்குகிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை ஆட்களோடு மூடியது. உடல்கூடக் கிடைக்காதவர்கள் பலர். 2023 மார்ச்சில் பூனாகலையிலும் மண்சரிவு லயங்களைத் தாக்கியது. தியலுமவுக்கு வருபவர் கடந்து போவது இந்தச் சரிவுகளைத்தான். இந்த ஊவா மலைகளின் பச்சை தானாக முளைத்த காட்சி அல்ல. காடு வெட்டி, கொழுந்து பறித்துத் தலைமுறைகளாக மலையகத் தமிழர் உழைத்து உருவாக்கியது. அவர்களின் லயக் கூரையை ஒதுக்கிவிட்டு எடுக்கும் படம் அழகாக இருக்கலாம், முழுமையாக இருக்காது.

போகிறவர்கள் விடியலிலேயே புறப்படுங்கள். நனைந்த பாறையின் விளிம்புக்குப் போகாதீர்கள். மேற்கே வானம் கறுத்தாலும் மலையுச்சியில் மழை தெரிந்தாலும் குளத்தை விட்டு உடனே வெளியேறுங்கள். கொழுந்தெடுப்பவர்களைப் படம் எடுக்குமுன் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், எடுத்த படத்தை அவர்களுக்கும் காட்டுங்கள்.