பண்டிகை இல்லாத வருஷம்

"இந்தத் தீபாவளிக்கு நான் ஊரில் இல்லை" என்று சொன்னபோது எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. கல்யாணமாகி வந்து 26 வருஷம் ஆகிறது. ஒரு தீபாவளிக்குக்கூட எங்கள் திருச்சி வீட்டு அடுப்படியை விட்டு நான் நகர்ந்ததில்லை. ஆனால் 2023 பங்குனியில் என் மாமியார் காலமாகிவிட்டார். துக்க வீட்டில் வருஷம் திரும்பும்வரை பண்டிகை கிடையாதே! எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, புதுத்துணி கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த வீட்டு வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் பெண் செப்டம்பரிலேயே வேலையை விட்டுவிட்டு, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு மூன்று மாசம் வெளிநாடு சுற்றக் கிளம்பியவள். (அவள் கிளம்பிய அன்று நான் அழுத அழுகை தனிக் கதை.) அவள் போனில், "அம்மா, தீபாவளிக்கு வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போறே? பினாங்குக்கு வந்துடு. அங்கேருந்து ரெண்டு பேரும் ரயில்லயே தாய்லாந்து போயிடலாம்" என்றாள். என் கணவரோ, "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நாத்தனார் மட்டும், "வருஷம் திரும்பறதுக்குள்ள ஊர் சுத்தவா?" என்றாள். அந்தக் கேள்வி திருச்சி விமான நிலையம் வரை என்கூடவே வந்தது.

என் பை மொத்தம் ஏழு கிலோ. இரண்டு சுடிதார், ஒரு நூல் புடவை, பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டு, முழங்கால் உறை, பருப்புப்பொடி, சுக்குப்பொடி, அவ்வளவுதான். முதுகுப்பை தூக்கப் போகும் சகோதரிகளுக்கு என் பெண் எனக்குச் சொன்னதைச் சொல்கிறேன்: இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டால் பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்காரும். இரண்டு குடம் தண்ணீர் சுமந்த நமக்கு இது ஒன்றும் பெரிசில்லை!

கோலாலம்பூரில் இறங்கி, பஸ் பிடித்துப் பினாங்கு போய்ச் சேர்ந்தேன். ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியை 2008ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதற்கு நடுவிலேதான் லிட்டில் இந்தியா. பலகையெல்லாம் தமிழ். குயின் ஸ்ட்ரீட்டில் 1833ல் கட்டிய மாரியம்மன் கோயில். கடை வாசலில் பூமாலை, உள்ளே மலைமலையாய் முறுக்கு டின். ஊரை விட்டு ஓடி வந்தால், ஊர் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது!

நவம்பர் 12, தீபாவளி. விடிகாலை விழிப்பு வந்துவிட்டது. பழக்கம்தான். எண்ணெய் தேய்த்துக்கொள்ளக்கூடாது. 'கங்கா ஸ்நானம் ஆச்சா' என்று கேட்கவும் ஆளில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். எட்டு மணிக்கு நாங்கள் தங்கியிருந்த விடுதிக்கார அம்மா கதவைத் தட்டினார். நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். "என்னம்மா, இன்னிக்குப் பெருநாளு, வீட்டுக்கு வந்து பசியாறுங்க" என்றார். அங்கெல்லாம் பண்டிகை அன்று வீட்டைத் திறந்து வைத்துவிடுகிறார்கள். சீனர், மலாய்க்காரர் என்று பார்க்காமல் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். நான் தயங்கி, எங்கள் வீட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் நின்றார். உள்ளே போய் ஒரு டின் நிறையப் பலகாரம் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "அப்ப நாங்கதானே கொண்டாந்து குடுக்கணும்" என்றார்.

ஊரிலும் அதுதானே வழக்கம்? பண்டிகை இல்லாத வீட்டுக்கு மற்றவர்கள்தான் பலகாரம் கொடுப்பார்கள். கடல் தாண்டி நாலு தலைமுறை ஆகியும் அந்த அம்மாவுக்கு அது மறக்கவில்லை.

டின்னைத் திறந்தேன். மேலாக அடுக்கியிருந்தது அதிரசம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் அதிரசத்துக்கு வெல்லப் பாகு வைப்பது அத்தை மட்டும்தான். (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.) "உனக்குப் பதம் தெரியாது, தள்ளு" என்பார். 25 தீபாவளிக்கு இதே வார்த்தை. 2022ல் அத்தை படுத்த படுக்கை. அந்தத் தீபாவளிக்கு என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை நீயே பாகு வை. நான் படுத்துக்கிட்டே பதம் சொல்றேன்" என்றார். எனக்கோ ராத்திரியும் பகலும் அவருக்குச் செய்து செய்து இடுப்பு விட்டுப் போயிருந்தது. "கடையில வாங்கிக்கலாம் அத்தே, இப்ப யாரு இதெல்லாம் வீட்ல பண்றாங்க?" என்று சொல்லிவிட்டேன். கடை அதிரசத்தை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். தொடவில்லை. ஒன்றும் பேசவுமில்லை. சொல்லித் தர நினைத்த ஒரே தடவை அது என்பது, பங்குனிக்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

பினாங்கு அதிரசம் நல்ல பதம். ஒன்று தின்றேன். மிச்சத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டேன். அதிரசம் பதினைந்து நாள் தாங்குமே.

இரண்டு நாள் கழித்து, படகில் பட்டர்வொர்த், அங்கிருந்து ரயிலில் எல்லையோரம் பாடாங் பெசார். ஒரே ஸ்டேஷனுக்குள்ளேயே மலேசியாக்காரர் முத்திரை குத்தி அனுப்ப, தாய்லாந்துக்காரர் முத்திரை குத்தி வாங்கிக்கொள்கிறார். நல்ல வேளையாக அந்த நவம்பர் 10ந் தேதியிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம் என்று தாய்லாந்தில் அறிவித்திருந்தார்கள். ராத்திரி ரயிலில் சிப்பந்தி வந்து வெள்ளை விரிப்புப் போட்டுப் படுக்கை தயார் செய்து கொடுத்தார். எனக்கு ஒருவர் படுக்கை போட்டுக் கொடுத்து எத்தனை வருஷம் ஆகிறது! சிரிப்பாக வந்தது. பாங்காக்கில் சில நாள் இருந்துவிட்டு, மறுபடி ராத்திரி ரயிலில் வடக்கே சியாங் மாய்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே வெறும் காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். மஞ்சள் கொடியில் 'ஜே' என்று அவர்கள் எழுத்தில் போட்டிருக்கும் கடையில் சாப்பிட்டால் பயமில்லை. பூண்டு, வெங்காயம்கூட இருக்காது. என் பருப்புப்பொடியும் கைகொடுத்தது.

சியாங் மாய் 1296ல் மங்ராய் என்ற ராஜா கட்டிய ஊர். சதுரமான அகழி, உள்ளே சின்னச் சின்னச் சந்து, திரும்பின இடமெல்லாம் புத்தர் கோயில். அகழிக்குள்ளே ஒரு வீட்டு மாடியில் அறை எடுத்தோம். 26ந் தேதி நம் ஊரில் கார்த்திகை தீபம். சாயங்காலம் மாடிப்படி இறங்கி வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்காரப் பாட்டி வாசல் சுவர் மேல் வரிசையாக மண் அகல் ஏற்றிக்கொண்டிருந்தார்! அச்சு நம்ம ஊர் அகல்தான், கொஞ்சம் சின்னது. பெயர் என்னவென்று என் பெண் கேட்டாள். 'பாங் பிரதீப்' என்றார். பிரதீபம்! பௌர்ணமியை ஒட்டி அங்கே 'யீ பெங்' பண்டிகை. யீ என்றால் இரண்டு, பெங் என்றால் பௌர்ணமி. வடக்குப் பக்கத்துக் கணக்குக்கு அது இரண்டாம் மாசமாம். எங்கள் கார்த்திகைப் பௌர்ணமியும் அதுவேதான்.

நானும் குனிந்து நாலு விளக்கு ஏற்றினேன். துக்கம் இருக்கிறதே, ஏற்றலாமா என்று மனசு கேட்டது. இது அவர் வீட்டு விளக்குதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கணவர் போன். "வாசல்ல ஒரே ஒரு விளக்கு மட்டும் வைக்கலாம்னாங்க. திரி எங்கே வச்சிருக்கே?" சாமி அலமாரி, இரண்டாம் தட்டு, நீல டப்பா என்று தாய்லாந்திலிருந்து வழி சொன்னேன்.

மறுநாள் 27, 'லாய் கிராதோங்'. வாழை மரத்தை வட்டமாக நறுக்கி, அதைச் சுற்றி வாழை இலையை மடித்துக் குத்தி, நடுவில் பூ, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி வைத்து ஆற்றில் விடுவார்கள். பாட்டி முற்றத்தில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார். எனக்குக் கை துறுதுறுத்தது. தொன்னை தைத்த கை அல்லவா! அவர் மடிப்பைப் பார்த்து நானும் மடித்தேன். வாடாமல்லியும் துலுக்கச் சாமந்தியும் வைத்தேன். அவர் என் கையைப் பார்த்துத் தலையாட்டினார். 'பதம் தெரியாது' என்று தள்ளவில்லை.

எதற்காக விடுகிறார்கள் என்று கேட்டதற்கு, போனில் மொழிபெயர்த்துக் காட்டினார்: வருஷம் பூரா அழுக்காக்கியதற்குத் தண்ணீர்த் தாயிடம் மன்னிப்புக் கேட்பதற்கு. மனசிலிருக்கும் கசப்பையும் கூட அனுப்பிவிடலாம். சிலர் நகத்துண்டு, தலைமயிர் வைப்பார்களாம். தண்ணீர்த் தாய்க்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மே கோங்கா'. நம்ம கங்கையேதான்! பினாங்கில் தப்பிப்போன கங்கை இங்கே வந்து நிற்கிறாள்.

ராத்திரி பிங் ஆற்றங்கரைக்குப் போனோம். அப்பா, என்ன கூட்டம்! வானத்தில் நூற்றுக்கணக்கில் காகித விளக்கு ஏறிப் போகிறது. விமானத்தையெல்லாம் நேரம் மாற்றி விடுகிறார்கள் அன்று. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எரிகிற காகிதம் யார் கூரையில் இறங்குமோ என்ற கவலை எனக்கு. எனக்குப் பிடித்தது கீழே தண்ணீரில் போனவைதான்.

படித்துறையில் உட்கார்ந்து மெழுகுவர்த்தி ஏற்றினேன். பையிலிருந்து கடைசி அதிரசத்தை எடுத்து இரண்டாக உடைத்து, பாதியைப் பூ நடுவில் வைத்தேன். என் பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாட்டிக்கா?"

"ம்."

"மீதி எங்கேன்னு கேப்பாங்களே?"

"நான் தின்னுட்டேன்னு சொல்லு" என்று வாயில் போட்டுக்கொண்டேன்.

நாலு முழம் தூரம் போய்ப் புல்லில் சிக்கிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒரு பையன், பத்து வயசு இருக்கும், காசு பொறுக்குகிறவன், கிட்டே வந்தான். நான் வைத்த ஒரு பாட் காசை எடுத்துக்கொண்டான். அதிரசத்தை முகர்ந்து பார்த்தான். என்ன நினைத்தானோ, திரும்ப வைத்துவிட்டு, நடு ஆற்றுக்குத் தள்ளிவிட்டான். எரிந்துகொண்டேதான் போயிற்று.