அண்டர்ஸை என்ன செய்வது?

2024 ஆம் ஆண்டின் இறுதியில் சில வாரங்கள் ரொறன்ரோவில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், தனது அறையில் கணினியின் முன் அமர்ந்திருந்த பேரன் என்னை அழைத்தான்.

"அம்மப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ. இவனைக் கொல்லட்டோ, விடட்டோ?"

செய்தி மேசையிலே காலத்தைக் கழித்தவனிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். இப்படியொரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. எழுந்து சென்று பார்த்தேன். திரையில் ஒரு நகரம் எரிந்துகொண்டிருந்தது. ஒரு மனிதன் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அமர்ந்திருந்தான். தப்பியோட அவன் முயலவில்லை. தீர்ப்புக்காகக் காத்திருப்பவனைப் போலிருந்தான்.

அவனுடைய பெயர் அண்டர்ஸ். கனடாவின் எட்மன்ரன் நகரிலுள்ள பயோவெயார் நிறுவனம் 2011 மார்ச்சில் வெளியிட்ட 'டிராகன் ஏஜ் 2' என்னும் விளையாட்டில் வரும் துணைப்பாத்திரம் அவன். அந்த வரிசையின் புதிய பாகமான 'த வேல்கார்ட்' 2024 ஒக்டோபர் இறுதியில் வெளியானதால், பழைய பாகங்களை முதலிலிருந்து விளையாடிவிட்டுப் புதியதற்குப் போகப் பேரன் தீர்மானித்திருந்தான். தொடர்கதையை விட்ட இடத்திலிருந்து படிக்க விரும்பாமல் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கும் வாசகர்களை நான் அறிவேன். இவனும் அந்த வகைதான்.

இத்தகைய விளையாட்டுகளைப் பற்றி அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். இவற்றில் விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் பேச்சையும் செயலையும் தானே தெரிவு செய்கிறார். கூடவே சில துணைப்பாத்திரங்கள் வருவார்கள். அவர்கள் சண்டைக்கு மட்டும் உதவுபவர்களல்லர். தத்தம் கதையைச் சொல்வார்கள், தர்க்கிப்பார்கள், கோபிப்பார்கள். சிலர் காதலிப்பதும் உண்டு. ஐம்பது அறுபது மணித்தியாலங்கள் அவர்களோடு கழித்தவருக்கு அவர்கள் பழகிய மனிதர்களைப் போலாகிவிடுகிறார்கள்.

'டிராகன் ஏஜ் 2' இல் நாம் ஏற்கும் பாத்திரத்தின் பெயர் ஹோக். அழிவிலிருந்து தப்பிக் குடும்பத்தோடு கேர்க்வோல் என்னும் நகருக்குள் வந்து சேரும் அகதி. அந்நகரில் மந்திர ஆற்றலோடு பிறந்தவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து 'வட்டம்' என்ற காவலுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். ரெம்பிளர் எனப்படும் போர்வீரர்கள் அவர்களைக் காவல் செய்கிறார்கள். ஆபத்தானவர் என்று கருதப்படுபவரை ஒரு சடங்கின் மூலம் உணர்ச்சியற்றவராக்கிவிடவும் முடியும். அப்படியானவர் நடமாடுவார், வேலை செய்வார், பேசுவார்; ஆனால் மகிழ்ச்சியும் துயரமும் அவரிடம் இரா. மந்திரம் ஆபத்தானது என்பதும் அக்கதையில் பொய்யல்ல. கட்டுப்பாடிழந்த மந்திரவாதிகள் மனிதரைக் கொல்வதை விளையாடுபவர் கண்ணாலேயே காண்கிறார். இரு தரப்பிலும் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

அண்டர்ஸ் தப்பியோடிய மந்திரவாதி. நகரின் அடியில் இருளடைந்த சேரியொன்றில் இலவச வைத்தியசாலை நடத்துகிறான். அகதிகளுக்கும் ஏழைகளுக்கும் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கிறான். அவனுக்குள் 'நீதி' என்னும் ஆவியொன்று குடியிருக்கிறது. நண்பனுக்கு உதவும் எண்ணத்தோடு அவனே அதற்கு இடங்கொடுத்தான். அவனது கோபத்தோடு கலந்த நீதி காலப்போக்கில் பழிவாங்கலாக மாறிவிடுகிறது.

கதையின் பிற்பகுதியில் அவன் ஹோக்கிடம் ஓர் உதவி கேட்கிறான். அந்த ஆவியைத் தன்னிடமிருந்து பிரிக்க ஒரு மருந்து செய்யப்போவதாகவும், அதற்கு இரண்டு பொருட்கள் தேவையென்றும் சொல்கிறான். நண்பனாயிற்றே என்று விளையாடுபவர் தேடிக் கொடுக்கிறார். பின்னர், நகரின் பெருந்தேவாலயத்தில் தலைமைத் துறவி எல்தினாவோடு சிறிது நேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்குமாறு கேட்கிறான். அதையும் செய்யலாம். ஒருநாள் அந்தத் தேவாலயம் உள்ளே இருந்தவர்களோடு வெடித்துச் சிதறுகிறது. மருந்து என்று அவன் சொன்னது வெடிமருந்து. அவ்வெடிப்போடு எவ்விதத் தொடர்புமற்ற வட்டத்து மந்திரவாதிகள் அனைவரையும் கொன்றுவிடுமாறு ரெம்பிளர்களின் தலைவி மெரடித் கட்டளையிடுகிறாள்.

நான் அறைக்குள் நுழைந்தபோது பேரன் நின்றது இந்த இடத்தில்தான். கொல்லலாம், துரத்தலாம், மன்னித்துக் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

அன்றிரவு அவன் அண்டர்ஸைக் கொன்றான். அடுத்த நாள் மேசையில் அதைச் சொன்னபோது, அதே விளையாட்டை முன்னரே முடித்திருந்த அவனது தமக்கை, "நான் விட்டுட்டன்" என்றாள். சாப்பாடு ஆறும்வரை இருவரும் தர்க்கித்தார்கள்.

பின்னர் விசாரித்ததில், இந்தச் சண்டை என் மகள் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல என்று அறிந்தேன். அண்டர்ஸைப் பற்றி விளையாடியவர்கள் பல ஆண்டுகளாக முரண்பட்டே வந்திருக்கிறார்கள். 2010 இல் வந்த 'அவேக்கனிங்' என்னும் இணைப்புப் பாகத்தில் அவனை முதலிற் சந்தித்தவர்களுக்கு ஒரு துயரம். அதிலே அவன் பகடி பேசித் திரிந்தவன், பூனைக்குட்டியொன்றை வைத்திருந்தவன். இரண்டாவது பாகத்தில் அந்தப் பூனையையும் கைவிட நேர்ந்ததாகச் சொல்கிறான். சிரிப்பும் பெரும்பாலும் போய்விட்டது. எழுத்தாளர்கள் நல்லதொரு பாத்திரத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்பது அவர்கள் வாதம். ஒரு மனிதன் அப்படியும் மாறுவான் என்பது மறுதரப்பின் வாதம்.

அவன் ஹோக்கை, ஆணாயினும் பெண்ணாயினும், காதலிக்கக்கூடியவன் என்பதும் 2011 இல் சிலருக்கு உறுத்தலாக இருந்தது. ஆண் விளையாட்டாளர்களை நிறுவனம் புறக்கணித்துவிட்டது என்ற முறைப்பாட்டுக்கு, எழுத்தாளர் குழுவின் தலைவராக இருந்த டேவிட் கெய்டர், இந்தக் கதைகள் எல்லோருக்குமானவை என்று பதிலளித்தார். அப்பதில் அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது.

வெடிப்பைப் பற்றிய வாதம் வேறு வகையானது. அடைபட்டவர்களுக்கு வேறு வழி எது, பல ஆண்டுகள் மனுப்போட்டும் கேட்காதவர்களை எப்படிக் கேட்கவைப்பது என்பது ஒரு பக்கம். எல்தினா எவரையும் அடைத்து வைத்தவளல்லள், இரு தரப்பையும் சமாதானப்படுத்த முயன்ற முதியவள் என்பது மறுபக்கம். நடுவில் நின்றதுதான் அவள் குற்றம் என்பாரும் உண்டு. அண்டர்ஸே ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறான். சமரசத்துக்கு இடமிருக்கும்வரை எதுவும் மாறாது, ஆகவே அந்த இடத்தையே இல்லாமற் செய்தேன் என்பது அவனது நியாயத்தின் சாரம். இப்படியான நியாயத்தை நான் முதன்முதலாகக் கேட்டது கணினி விளையாட்டில் அல்ல. நடுவில் நின்றவர்களின் இறுதிச் சடங்குகளுக்குக் குறிப்பேட்டோடு சென்று வந்தவன் நான்.

இவையெல்லாவற்றிலும் அதிகமாக ஒலித்த குரல் வேறொன்று. என் பேரனின் குரலும் அதுதான். "அவன் எனக்குப் பொய் சொன்னவன், அம்மப்பா. என்னைக் கொண்டே அந்தச் சாமான்களை எடுப்பிச்சவன்."

தமக்கை அவனிடம் கேட்டாள்: "உனக்குப் பொய் சொன்னதுதான் பிரச்சினையோ? உள்ளுக்கு எத்தினை பேர் இருந்தவை எண்டு உனக்குத் தெரியுமோ?"

அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியாது. எல்தினாவைத் தவிர, உள்ளே இருந்தவர்களின் பெயர்களை அந்த வெடிப்பின்போது விளையாட்டு நமக்குச் சொல்வதில்லை. என் தொழில் நினைவுக்கு வந்தது. 1996 ஜனவரி 31 இல் கொழும்பு மத்திய வங்கியின் முன் குண்டு வெடித்தபோது தொண்ணூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அந்த எண்ணிக்கை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர்களுள் ஒருவரது பெயரைத்தானும் இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் எரித்தும் வெட்டியும் கொல்லப்பட்ட எம்மவர்களுக்கோ சரியான எண்ணிக்கைகூட இல்லை.

அவர்கள் தர்க்கித்துக்கொண்டிருக்க, நான் அதிகம் பேசவில்லை. மகள் என்னைப் பார்த்தாள். நான் எதை நினைக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுக்கு அப்போது மூன்று வயதும் நிறைந்திருக்கவில்லை.

1984 ஆம் ஆண்டு. விடுமுறை முடிந்து, மனைவியோடும் குழந்தையோடும் யாழ்தேவியில் கொழும்புக்குத் திரும்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். முதல்நாள் மாலை என்னோடு ஒன்றாகப் படித்த நண்பன் வீட்டுக்கு வந்தான். நல்லவன் என்ற சொல்லை நான் எளிதில் எழுதுவதில்லை, அவன் நல்லவன். ஊர் வாசிகசாலையின் பின்புறத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணிதம் படிப்பித்தவன். கடுதாசியில் சுற்றிய சிறிய பொதியொன்றைத் தந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் கொடுத்துவிடும்படி கேட்டான். புத்தகம் என்றான். புத்தகத்தின் பாரம் அதற்கு இருக்கவில்லை. அதை நான் உணர்ந்தேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஆனால் நான் கேட்கவில்லை. கேட்டால் அவனை நம்பாதவனாகிவிடுவேன் என்று எண்ணினேன். கேட்டு அறிந்துகொண்டால் நானும் பொறுப்பாளியாகிவிடுவேன் என்ற எண்ணமும் அடியில் இருந்திருக்க வேண்டும். குழந்தையின் உடுப்புகளுக்குக் கீழே பொதியை வைத்தேன். வழியில் படையினர் ஏறிப் பைகளைச் சோதித்தார்கள். எங்கள் பையைத் திறந்த சிப்பாய் குழந்தையைப் பார்த்துச் சிரித்துவிட்டு மூடிவிட்டான். வெள்ளவத்தையில் குறித்த வீட்டில் பொதியைக் கொடுத்தேன். அதற்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது பணமாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், உண்மையிலேயே யாருக்கோ ஒரு பரிசாகவும் இருக்கலாம். நண்பன் சில மாதங்களில் இயக்கமொன்றில் சேர்ந்தான். இரண்டு ஆண்டுகளின் பின் அவனுடைய மரணச் செய்தியை நானே நான்கு வரிகளில் எழுதினேன்.

நான் ரொறன்ரோவிலிருந்து புறப்படுவதற்குச் சில நாட்கள் முன் பேரன் அந்தப் பாகத்தை மீண்டும் விளையாடினான். இம்முறை அண்டர்ஸ் உதவி கேட்டபோது எதற்கு என்று துருவிக் கேட்டான், உண்மை வரவில்லை. உதவ மறுத்துவிட்டான். தேவாலயம் அப்படியே வெடித்தது.

"பாத்தீங்களோ அம்மப்பா, செய்தாலும் ஒண்டு, செய்யாட்டிலும் ஒண்டு. பிழையான விளையாட்டு."

இந்தக் குறையையும் பலர் சொல்கிறார்கள். விளையாடுபவர் என்ன செய்தாலும் அந்த வெடிப்பைத் தடுக்க முடியாது. தெரிவுகளை நம்பிக் காசு கொடுத்து வாங்கியவருக்கு அது ஏமாற்றந்தான். அவர்களது கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் எனக்கு அந்த இடத்திலேயே அது உண்மைக்கு மிக அருகில் வந்ததாகத் தோன்றியது. நான் அந்தப் பொதியைக் கொண்டு போகாவிட்டால் வேறொருவர் கொண்டு போயிருப்பார். எங்கள் நாட்டின் வரலாற்றில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. இந்த ஆறுதலை எனக்கு நானே நாற்பது ஆண்டுகள் சொல்லி வந்திருக்கிறேன்.

பேரனிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "தேவாலயத்துக்கு ரெண்டும் ஒண்டுதான். உனக்கு ஒண்டில்லை. இந்தமுறை நீ கேட்டனி."

அவன் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அண்டர்ஸ் முதுகைக் காட்டியபடி அமர்ந்திருந்தான். அவனைக் கூட வைத்துக்கொண்டால், தேவாலயத்தில் வாழ்ந்த செபஸ்ரியன் என்னும் மற்றத் துணைவன் ஆத்திரத்தோடு பிரிந்து, படையோடு திரும்பி வருவேன் என்று சூளுரைப்பான். கொன்றால், காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த ஒருவனைப் பின்னாலிருந்து குத்தியதாகும். எந்தப் பக்கம் போனாலும் கை சுத்தமாக இராது.

"நீங்கள் எண்டால் என்ன செய்வியள்?" என்று கேட்டான்.

என் நண்பன் உயிரோடு வந்து எனக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். கொன்றிருக்க மாட்டேன். மன்னித்திருப்பேன் என்றும் சொல்ல முடியவில்லை. எதிரே போய் இருந்து, அந்தப் பொதிக்குள் என்னடா இருந்தது என்று கேட்டிருப்பேன். அந்தத் தெரிவு திரையில் இல்லை.

பேரனின் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. அவனும் வற்புறுத்தவில்லை. அன்றிரவு விளையாட்டை அந்த இடத்திலேயே சேமித்து வைத்துவிட்டுப் படுக்கப் போனான். கொழும்புக்குத் திரும்பிய பின் தொலைபேசியில் விசாரித்தேன். இன்னும் தீர்மானிக்கவில்லை என்றான். மகளிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். யாழ்தேவியில் அவளுடைய உடுப்புகளுக்குக் கீழே வைத்துக் கொண்டு வந்த அந்தப் பொதியைப் பற்றி அன்றுதான் முதன்முதலாக அவளிடம் சொன்னேன்.