தானாக வந்து சேரும் கணக்கு

பிரேசில் மத்திய வங்கி 2020 நவம்பரில் பிக்ஸ் என்னும் உடனடிப் பணப்பரிமாற்ற முறையைத் தொடங்கியது. இன்று ஓப்பன் ஃபைனான்ஸ் எனப்படும் திட்டம் 2021இல் பிறந்தது. வாடிக்கையாளர் தம் வங்கியில் ஒப்புதல் அளித்தால், கடவுச்சொல்லைப் பிறரிடம் கொடாமலே, அவருடைய வரவுசெலவு விவரங்கள் குடும்பக் கணக்குச் செயலிக்குத் தாமாக வந்து சேரும். வேண்டாதபோது ஒப்புதலைத் திரும்பப் பெறலாம்.

ஆயினும் கவனியுங்கள். ஒருவருக்கு 50 பிரேசில் ரியால் அனுப்பப்பட்டால் பெயர், தொகை, நாள் ஆகியவை செயலியில் தோன்றும். அது கடனைத் தீர்த்ததா, நோயுற்ற நண்பருக்கு உதவியதா, வீண்செலவா என்பதை அனுப்பியவரே அறிவார்.

எழுதும் பாரத்தை இயந்திரம் சுமக்கும். கணக்கு ஒப்புவிக்கும் பொறுப்பைச் சுமக்காது. ஆகவே, வாரம் ஒருமுறையேனும் குடும்பமாக அமர்ந்து ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். அதன் காரணத்தை அருகில் எழுதுங்கள்.