ஏழு மலை ஏறுமுன் எதை வாங்குவது?

கோவை மாநகருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் மடியில், ஏழு மலைகளுக்கு அப்பால் வீற்றிருக்கிறார் வெள்ளியங்கிரி ஆண்டவர். அடியார்கள் இத்தலத்தைத் தென்கயிலை என்று போற்றுகின்றனர். அடிவாரமான பூண்டியில் ஆண்டவரும் மனோன்மணி அம்மையும் எழுந்தருளியிருக்கும் திருக்கோயில் உள்ளது. மலையேற இயலாதவர்கள் அங்கேயே தரிசித்து மனநிறைவோடு திரும்புவர். ஏற வல்லவர்கள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,000 அடி உயரத்தில், பாறைகளுக்கிடையே சுயம்புவாகத் திகழும் ஈசனைக் காணப் பெரும்பாலும் இரவில் புறப்பட்டு, விடியலில் உச்சியை அடைவர். ஒரு வழிக்குச் சுமார் 6 கி.மீ. தொலைவுதான். ஆனால் அந்தத் தொலைவு, ஏறுபவரையும் அவர் சுமந்து வரும் பொருள்களையும் ஒருசேரச் சோதித்துவிடும்.

இத்தலத்தின் பெருமையை அன்பர்கள் பலரும் பலமுறை கேட்டிருப்பீர்கள். இங்கே நான் சொல்ல விழைவது, மலைக்கென்று நாம் கடையில் வாங்கும் பொருள்களைப் பற்றி. சிறிய செய்திதான், ஆனால் சென்ற கோடையில் அச்சிறிய செய்தி என்னை ஒரு பாறையின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியது.

என் தந்தையார் வெறுங்காலுடன் இந்த மலையை ஏறியவர். இடுப்பில் வேட்டி, தோளில் ஒரு கம்பளி, கையில் மூங்கில் தடி. அவ்வளவுதான் அவருடைய சாமான். எனக்கோ ஐம்பத்தைந்து வயதாகிறது. அலுவலக நாற்காலியிலேயே பாதி ஆயுள் கழிந்துவிட்டது. வெறுங்காலுடன் ஏறும் துணிவு எனக்கில்லை. உடன் வருவதாகச் சொன்ன என் தமக்கை மகன்தான் சாமான் வாங்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டான்.

“விலை உயர்ந்ததெல்லாம் வேண்டாம் மாமா. வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுகிற மலைக்கு எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு?” என்றான். அவன் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. நெற்றியில் கட்டும் டார்ச் விளக்கு இரண்டு, ஒன்று 350 ரூபாய். மழைக்கோட்டு இரண்டு, ஒன்று 250 ரூபாய். மடித்து நீட்டும் உலோகக் கைத்தடி ஒன்று, 400 ரூபாய். வியர்வை விரைவில் உலரும் பாலியெஸ்டர் சட்டை, 200 ரூபாய். காலணி மட்டும் எனக்குத் தேவைப்படவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் பழைய இருப்பைக் கழித்தபோது, பாதி விலையில் 1,100 ரூபாய்க்கு வாங்கிய மலையேற்றக் காலணி பரணில் இருந்தது. ஒருநாள்கூட அணியவில்லை. ‘ஆண்டவர் மலைக்கென்று வைத்திருக்கிறேன்’ என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் மாத இறுதி. கோவை காந்திபுரத்திலிருந்து பேருந்தில் பூண்டியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஆண்டவரையும் அம்மையையும் வணங்கி வெளியே வந்தோம். மூங்கில் தடிகளைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார்.

“தடி வாங்கிட்டுப் போங்க சாமி. ரெண்டு காலுக்கு மூணு காலு நல்லதுங்க” என்றார்.

மருமகன் தன் உலோகத் தடியைக் காட்டிச் சிரித்தான். நான் மட்டும், தந்தையாரின் நினைவாக, ஒரு தடி வாங்கிக்கொண்டேன். நாங்கள் வாங்கிய சாமான்களிலேயே விலை குறைந்தது அதுதான்.

மலைப்பாதையின் தொடக்கத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதிக்கின்றனர். பிளாஸ்டிக் உறைகளை நீக்கிவிடுகின்றனர். தண்ணீர்ப் புட்டிக்கு முன்பணம் பெற்றுக்கொண்டு வில்லை ஒட்டி அனுப்புகின்றனர். புட்டியைத் திரும்பக் கொண்டுவந்து காட்டினால் பணம் கிடைக்கும். யானைகள் உலவும் காடு இது. நாம் வீசியெறிவது எதுவும் இங்கே மறைந்துபோவதில்லை.

முதல் மலை முழுதும் படிகள். செங்குத்தாக உயரும் அப்படிகளைக் கடந்து வெள்ளை விநாயகர் சந்நிதியை அடைவதற்குள்ளாகவே மூச்சு வாங்கியது. அங்கேதான் மருமகனுடைய உலோகத் தடி தன் குணத்தைக் காட்டியது. முறுக்கிப் பூட்டும் வகையைச் சேர்ந்த அத்தடி, உடல் எடை முழுதும் அதன்மேல் சாயும்போதெல்லாம் சரக்கென்று உள்ளே இறங்கியது. நான்கைந்து முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். அதன்பின் வழி நெடுக அது அவனுக்கு வெறும் சுமை.

ஆனால் மலிவானவை எல்லாம் கைவிட்டன என்று சொன்னால் அது நேர்மையாகாது. 350 ரூபாய் டார்ச் விளக்கு இரவு முழுதும் சீராக எரிந்தது. நெற்றியில் கட்டியிருந்ததால், படியில்லாத இடங்களில் ஒரு கையால் பாறையைப் பற்றவும் மறுகையால் தடியூன்றவும் முடிந்தது. மருமகன் அணிந்திருந்த 200 ரூபாய்ச் சட்டை, அவன் ஓய்ந்து உட்கார்ந்த சற்று நேரத்திலேயே உலர்ந்துவிட்டது. நான் அணிந்திருந்த பருத்திச் சட்டையோ வியர்வையைக் குடித்து ஈரமாகவே கனத்தது. பருத்தியைவிடச் சிறந்தது எதுவுமில்லை என்று நாம் சமவெளியில் சொல்வது, மலையின் குளிரில் பொருந்துவதில்லை. ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்வது பருத்தியின் இயல்பு. அந்த ஈரம் உடலின் வெப்பத்தைத் திருடிக்கொண்டே இருக்கும்.

அதை உணர்த்தியது ஆறாவது மலை. உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொது விதி. பூண்டியில் வியர்த்து நின்ற நாங்கள், மேலே அடித்த காற்றில் நடுங்கினோம். ஆண்டிச் சுனையின் குளிர்நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டபோது உடலெங்கும் சிலிர்த்தது. ஏழாவது மலை ஏறும்போது ஈரச் சட்டைக்குள் என் பற்கள் கிடுகிடுத்தன. முன்பின் அறியாத ஓர் அடியார், “சாமி, இதைப் போர்த்துங்க. உச்சியில வாங்கிக்கிறேன்” என்று தம் கம்பளியை என் தோளில் போட்டுவிட்டு நடந்தார். என் தந்தையார் தோளில் கிடந்த அதே கறுப்புக் கம்பளியின் மணம் அதில் இருந்தது.

கிழக்கு வெளுத்தது. காலணிகளைக் கழற்றிவிட்டுப் பாறைகளுக்கிடையே ஆண்டவரின் திருமுன் நின்றோம். திருநீறும் வில்வமும் கற்பூர ஒளியும் அந்தக் குறுகிய இடத்தை நிறைத்திருந்தன. வீட்டிலிருந்து கொண்டுவந்த வேண்டுதல்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நடுக்கம் நின்றிருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. வெளியே காத்திருந்த அடியாரிடம் கம்பளியைத் திருப்பிக் கொடுத்து வணங்கினேன்.

இறங்கும்போதுதான் சோதனை. இரண்டு மலை இறங்குமுன் வானம் கறுத்துக் கோடைமழை பிடித்துக்கொண்டது. 250 ரூபாய் மழைக்கோட்டின் துணி நீரைத் தடுத்தது உண்மை. ஆனால் அதன் தையல்கள் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்கால். சிறிது நேரத்தில் உள்ளே முழுதும் நனைந்துவிட்டோம். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அப்போது என் வலது காலணியின் அடியில் ஏதோ நழுவுவது போலிருந்தது. குனிந்து பார்த்தேன். அடிப்பாகம் நாய்நாக்கு போல் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினேன், ஊறிய ரொட்டிபோல் பொடிந்து உதிர்ந்தது.

வழுக்குப்பாறைக்கு வந்தபோது இடது காலணியும் வாய் பிளந்தது. ஈரப்பாறையில் கால் வழுகியது. அந்த ஒரு கணத்தில் என் எடை முழுதும் கையிலிருந்த மூங்கில் தடிமேல் விழுந்தது. தடி வில்லாக வளைந்தது, ஒடியவில்லை. மருமகன் பாய்ந்து என் தோளைப் பற்றினான். “ஈஸ்வரா!” என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததா என் வாயிலிருந்து வந்ததா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பாறையோரம் அமர்ந்து இரு காலணிகளையும் கழற்றினேன். எஞ்சிய வழி முழுதும் வெறுங்கால்தான். தந்தையார் நடந்த வழியில் தந்தையார் நடந்தபடியே நடக்க வைத்துவிட்டார் ஆண்டவர் என்று தேற்றிக்கொண்டேன். ஆனால் அது முழு உண்மையன்று. வழியோரப் புதரில் கிழிந்த மெல்லிய மழைக்கோட்டு ஒன்று சிக்கிக் கிடந்தது. சற்றுக் கீழே, யாருடையதோ ஒரு காலணியின் அடிப்பாகம். என் பொடிந்த காலணியையும் அங்கேயே விட்டுவரக் கை துடித்தது; சுமக்கும் தெம்பில்லை. மருமகன் ஒன்றும் பேசாமல் இரண்டையும் வாங்கித் தன் பையில் திணித்துக்கொண்டான். புதரிலிருந்த கோட்டையும் உருவி மடித்து வைத்துக்கொண்டான். உண்மையான யாத்திரை அன்று அவனுடையதுதான்.

அடிவாரத்தில் அதே மூதாட்டி. என் கால்களைப் பார்த்தார். கையிலிருந்த தடியைப் பார்த்தார். “தடியை ஊட்டுக்குக் கொண்டுபோங்க சாமி. அடுத்த வருஷம் அதையே கொண்டாங்க” என்றார். தமக்கு ஒரு விற்பனை குறையுமே என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

ஊர் திரும்பியதும் காலணி பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். இவ்வகைக் காலணிகளின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரமே அதை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். அணியாமல் பெட்டியில் வைத்தாலும் சிதையும். பழைய இருப்பு என்று பாதி விலைக்குக் கிடைத்ததன் பொருளும், பரணில் நான்கு ஆண்டுகள் பூட்டி வைத்த என் பெருமையின் பொருளும் அப்போது விளங்கின. குற்றம் விலையில் இல்லை. வாங்கியதை ஒருமுறையாவது அணிந்து நடந்து பாராமல், ஆண்டவர் மலையில் முதன்முதலாகச் சோதித்தேனே, அதில் இருக்கிறது குற்றம்.

யாத்திரை புறப்படும் அன்பர்களுக்கு என் பட்டறிவில் சில சொற்கள். பழுதானால் வசதி மட்டும் குறையும் பொருள்களை மலிவாகவே வாங்குங்கள்: சட்டை, பை, தொப்பி போன்றவை. பழுதானால் உயிருக்கு ஊறு நேரும் பொருள்களில், அதாவது காலணியிலும் விளக்கிலும், விலைக்கு முன்னே உறுதியைப் பாருங்கள். காலணியின் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெடிப்போ பொடியோ தெரிந்தால் தொடவே வேண்டாம். வாங்கியபின் பத்து நாள்களாவது அணிந்து நடந்து, அருகிலுள்ள சிறு குன்றுக்கோயில் ஒன்றின் படிகளை ஏறி இறங்குங்கள். விளக்கை ஓர் இரவு முழுதும் வீட்டிலேயே எரியவிட்டுப் பாருங்கள். மாற்று மின்கலமும் எடுத்துச் செல்லுங்கள். மழைக்கோட்டின் உட்புறம் தையல்மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்; குழாயடியில் நின்று நனைத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. உச்சிக்கென்று உலர்ந்த சட்டை ஒன்றும் கம்பளி ஒன்றும் பையில் இருக்கட்டும். மூங்கில் தடியை மட்டும் மறவாமல் அடிவாரத்தில் வாங்குங்கள்.

வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரி முதல் மே வரை மலையேற அனுமதிக்கிறது. இதயநோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஏற வேண்டாம். பூண்டியிலும் இருப்பவர் அதே ஆண்டவர்தான். எதைக் கொண்டு ஏறினாலும், அது நன்றாக இருந்தாலும் பொடிந்து போனாலும், அதைக் கீழே கொண்டுவந்து சேர்ப்பது நம் கடமை.

அந்த மூங்கில் தடி இப்போது எங்கள் பூஜை அறையில், தந்தையாரின் படத்தருகே சாய்ந்து நிற்கிறது. பிரதோஷந்தோறும் அதற்கும் ஒரு பொட்டுத் திருநீறு இடுகிறோம். மருமகன் புதுக் காலணி வாங்கி, நாள்தோறும் அலுவலகத்துக்கே அணிந்து போகிறான். மாசி பிறந்ததும் நாங்கள் இருவரும் மீண்டும் புறப்பட வேண்டும்.

வெள்ளியங்கிரி ஆண்டவர் திருவடிகளே துணை.